ஹார்மோன் கருத்தடை: வருடத்துக்கு எத்தனை முறை ஞாபகம் வைப்பீர்கள்?

கருத்தடை பற்றி முதல்முறையாக விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இதில் எது பெஸ்ட்?" தினசரி மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டால் வருடத்தில் 1000 பேரில் 3 பேர்தான் கர்ப்பமாவார்கள். மனிதர்கள் நிஜத்தில் போடுகிறபடி போட்டால் 100 பேரில் 7 பேர். இரண்டும் அதே மாத்திரைதான். நடுவில் புகுந்தது மறதி.

அதனால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு: ஒரு வருடத்தில் எத்தனை முறை உங்களால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்? தினசரி மாத்திரை என்றால் 365 முறை. தோலில் ஒட்டும் பேட்ச், வாரத்துக்கு ஒரு முறை. யோனிக்குள் வைக்கும் வளையம், மாதத்துக்கு இரண்டு முறை: வைக்க ஒன்று, எடுக்க ஒன்று. ஊசி, வருடத்துக்கு 4. கையில் வைக்கும் இம்பிளாண்ட், வகையைப் பொறுத்து 3 முதல் 5 வருடத்துக்கு ஒன்று. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப், வகையைப் பொறுத்து 8 வருடம் வரை ஒன்று. இந்த வரிசையில் உங்கள் இடம் எது என்று மனசாட்சியோடு யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பிறகு பார்ப்போம்.

முதல் படி: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒவ்வொரு மாதமும் சினைப்பைக்கு, "ஒரு முட்டையை வளர்த்து வெளியே விடு" என்று ஹார்மோன் வழியாகச் சொல்லி அனுப்புகிறது. கருத்தடை முறை தரும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து அது சும்மா இருந்துவிடும். முட்டை வெளியே வராது. கூடவே, கருப்பை வாயில் உள்ள சளி கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாது. கருப்பையின் உள்பூச்சும் மெலிந்துவிடும்.

இரண்டு ஹார்மோனும் சேர்ந்தவை ஒரு குடும்பம்: 'கூட்டு மாத்திரை' எனப்படும் சாதாரண கருத்தடை மாத்திரை, பேட்ச், வளையம். புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ளவை இன்னொரு குடும்பம்: 'மினி பில்' எனப்படும் மாத்திரை, ஊசி, இம்பிளாண்ட், ஹார்மோன் லூப். அடுத்த படி முழுக்க இந்தப் பிரிவைச் சார்ந்தது.

பாட்டி காலத்து மாத்திரையைப் பற்றிக் கேட்ட கதைகளை வைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1960-ல் அமெரிக்காவில் கருத்தடைக்கென்று அனுமதி பெற்ற முதல் மாத்திரை எனோவிட். அதில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். அந்தக் காலத்துக் குமட்டலையும் தலைசுற்றலையும் இன்றைய மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது.

இரண்டாம் படி: ஈஸ்ட்ரோஜன் உங்களுக்கு ஒத்துவருமா?

ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கொஞ்சம் கூட்டுகிறது. அளவோடு சொன்னால்தான் புரியும். மாத்திரை போடாத, கர்ப்பமாகவும் இல்லாத பெண்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 1 முதல் 5 பேருக்கு நாளத்தில் ரத்தம் கட்டும். மாத்திரை போடுகிறவர்களில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களில் 40 முதல் 65. ஆரோக்கியமான இளம்பெண் இந்த எண்களைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சிலருக்கு ஏற்கெனவே வேறொரு ஆபத்து இருக்கும். அதன்மேல் இதையும் ஏற்றக்கூடாது.

35 வயதைத் தாண்டியவர் புகைபிடித்தால் ஈஸ்ட்ரோஜன் வேண்டாம். பிரஷர் இருந்தாலும், காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தம் கட்டியிருந்தாலும், மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலும், கடுமையான கல்லீரல் நோய் இருந்தாலும் வேண்டாம். பிரசவம் ஆன முதல் 3 வாரம் யாருக்கும் வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் குறைந்தது 6 வாரமாவது தள்ளிவைக்க வேண்டும். அவர்களுக்கு முதல் 6 மாதம் புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள முறைகளே பொருத்தம்.

பலர் சொல்லாமல் விடுவது ஒற்றைத் தலைவலி. "தலைவலி எல்லோருக்கும் வருவதுதானே" என்று டாக்டரிடம் வாயே திறக்க மாட்டார்கள். தலைவலி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் கண் முன்னே வளைந்து நெளிந்து மின்னும் கோடு தெரிகிறதா? படிக்கிற வரியில் பாதி எழுத்து காணாமல் போகிறதா? ஒரு பக்கக் கையோ உதடோ மரத்துப்போகிறதா? இதற்குப் பெயர் 'ஆரா'. ஆராவோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். அவர்கள் இரண்டாம் குடும்பத்துக்குத்தான் போக வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம், சாப்பிடும் மற்ற மருந்துகள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின் போன்றவை கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைத்து, மாத்திரை, பேட்ச், வளையம், இம்பிளாண்ட் நான்கின் பலத்தையும் குறைத்துவிடும். ஊசிக்கும் லூப்புக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. சளி, தொண்டை வலிக்குத் தரும் சாதாரண ஆன்டிபயாட்டிக் கருத்தடையைக் கெடுக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சரியில்லை. ஆனால் அந்த மருந்தால் வாந்தியோ கடும் பேதியோ வந்தால் மாத்திரை உடம்பில் சேராமல் போகலாம்.

இதற்கெல்லாம் பெரிய பரிசோதனைகள் தேவையில்லை. மாத்திரை ஆரம்பிக்க அவசியமான ஒரே சோதனை பிரஷர் பார்ப்பது. லூப் வைப்பதற்குத்தான் உள்பரிசோதனை வேண்டும்.

மூன்றாம் படி: மறதிக் கணக்கைப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

தினமும் ஒரே நேரத்தில் செய்கிற வேலை உங்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தால் மாத்திரை சரிப்படும். பல் தேய்க்கும் இடத்தில் அட்டையை வைத்தாலே பாதி வேலை முடிந்தது. நான் அட்டையைக் கைப்பையில் வைத்திருந்தேன். பையை மாற்றும்போதெல்லாம் அட்டை பழைய பையிலேயே தங்கிவிடும். பிறகு பிரஷ் பக்கத்துக்கு மாறியது. கைபேசி அலாரம் எனக்கு உதவவில்லை. அடிக்கும்போது கை வேறு வேலையில் இருக்கும், அணைத்துவிட்டு மறந்துவிடுவேன்.

மாத்திரையில் லாபமும் உண்டு. மாதவிடாய் வலி குறையும், ரத்தப்போக்கு குறையும், பலருக்கு முகப்பரு குறையும். சினைப்பை, கருப்பை உள்பூச்சுப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பும் குறைகிறது. நிறுத்திய பிறகும் அந்தப் பலன் பல வருடம் நீடிக்கும். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு போடுகிற காலத்தில் சற்றுக் கூடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மினி பில் இடைவெளி மன்னிக்காத மாத்திரை. பழைய வகையில் 3 மணி நேரம் தாமதமானாலே தவறவிட்ட கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் வகைக்கு 12 மணி நேரம், டிரோஸ்பைரனோன் வகைக்கு 24 மணி நேரம். எந்த வகை என்று தெரியாமல் அட்டையை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

பேட்ச், வளையம் இரண்டும் மாத்திரையின் அதே மருந்தை வேறு வழியில் தருகின்றன. பேட்சை வாரம் ஒன்றாக 3 வாரம் ஒட்டி, 4-ஆம் வாரம் விட்டுவிட வேண்டும். மெல்லிய வளையத்தை யோனிக்குள் நீங்களே வைத்து, 3 வாரம் கழித்து எடுத்து, ஒரு வாரம் விட வேண்டும். மாத்திரை ஆகாதவர்களுக்கு இவையும் ஆகாது.

ஊசி என்பது பெரும்பாலும் டி.எம்.பி.ஏ. என்ற புரோஜெஸ்டோஜன் மருந்து. 3 மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். வீட்டில் யாருக்கும் தெரியாமலும் இருக்கலாம், சிலருக்கு அது பெரிய விஷயம். ஆனால் இரண்டு சங்கதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும். நிறுத்தினால் பெருமளவு திரும்பிவிடும். இரண்டு, ஊசியை நிறுத்தியதும் கருத்தரிக்கும் திறன் உடனே வராது. கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதம் ஆகலாம். அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்று திட்டம் இருந்தால் ஊசி உங்களுக்கு உகந்ததில்லை. வேறெந்த ஹார்மோன் முறைக்கும் இப்படி ஒரு தாமதம் கிடையாது.

இம்பிளாண்ட் என்றால் ஆபரேஷன் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். வளையக்கூடிய தீக்குச்சி மாதிரி. அதிகம் பயன்படுத்தாத கையின் மேற்பகுதியில், உள்பக்கத் தோலுக்கு அடியில், மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். வைத்து முடித்ததும் இன்னொரு கை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் குச்சி உருளுவது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஆழமாகப் போயிருக்கலாம், அல்லது வைக்கப்படாமலே இருக்கலாம். தொல்லை என்று பார்த்தால் மாதவிடாய் தாறுமாறாக வருவதுதான். சிலருக்கு நின்றேவிடும், சிலருக்குச் சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் போகும்.

ஹார்மோன் லூப் பார்ப்பதற்குக் காப்பர் டி மாதிரி இருந்தாலும் குணம் நேர் எதிர். காப்பர் டி-யில் ஹார்மோன் இல்லை, ரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். ஹார்மோன் லூப் அதைக் குறைக்கும். 52 மில்லிகிராம் ஹார்மோன் உள்ள வகையில் ஒரு வருடம் கழிந்ததும் ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் நின்றேவிடுகிறது. உள்ளே ரத்தம் தேங்குவதில்லை. உள்பூச்சு வளரவில்லை, அதனால் உதிர ஒன்றுமில்லை, அவ்வளவுதான். வைக்கும்போது வலிக்கும். சிலருக்குச் சுருக்கென்று, சிலருக்குப் பிரசவ வலியின் சாயல். வலி குறைக்க என்ன தருவீர்கள் என்று முன்னாலேயே கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. இம்பிளாண்ட், லூப் இரண்டிலும் வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கர்ப்பம் ஏற்படுகிறது. காரணம் எளிது: நீங்கள் மறக்க அதில் எதுவுமே இல்லை.

இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

நான்காம் படி: ஆரம்பிக்கும் நாள்

மாதவிடாய் தொடங்கிய முதல் 5 நாளுக்குள் கூட்டு மாத்திரையை ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. மற்ற நாள்களிலும் ஆரம்பிக்கலாம், கர்ப்பம் இல்லை என்று உறுதியாக இருந்தால் போதும். ஆனால் முதல் 7 நாள் ஆணுறையும் சேர வேண்டும். ஊசிக்கும் ஹார்மோன் லூப்புக்கும் முதல் 7 நாளுக்குள், இம்பிளாண்டுக்கு முதல் 5 நாளுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவில் "உடம்புக்கு ஓய்வு" கொடுக்காதீர்கள். உடம்பு அப்படி ஓய்வு கேட்பதில்லை; அந்த ஓய்வில்தான் கர்ப்பம் தரிக்கிறது.

ஐந்தாம் படி: முதல் மூன்று மாதம்

குமட்டல், மார்பில் கனம், நடுநடுவே ரத்தக்கறை. இவை வரும், பெரும்பாலும் 3 மாதத்தில் அடங்கும். இரவு சாப்பிட்டதும் மாத்திரை போட்டால் குமட்டல் தூக்கத்தோடு போய்விடும். கூட்டு மாத்திரையால் எடை எக்கச்சக்கமாகக் கூடும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஊசியில் சிலருக்குக் கூடுகிறது. மனசு தொடர்ந்து சோர்ந்தே இருந்தால் "பழகிவிடும்" என்று பொறுத்துக்கொள்ளாமல் வேறு முறைக்கு மாறுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை இவை: ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி அல்லது திடீர் மூச்சுத்திணறல், இதுவரை வராத மாதிரித் தலைவலி, பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது, கடும் வயிற்றுவலி. இதில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வாக்கியத்திலேயே "நான் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள்.

ஆறாம் படி: மறந்துவிட்டால்

கூட்டு மாத்திரையின் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். 28 மாத்திரை உள்ள அட்டையில் பெரும்பாலும் 21 ஒரு நிறம், கடைசி 7 வேறு நிறம். அந்த 7-ல் மருந்தே இல்லை. பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வைத்தது. அந்த வாரம் வரும் ரத்தப்போக்கும் உண்மையான மாதவிடாய் இல்லை, ஹார்மோன் நின்றதால் வருவது. மருத்துவ ரீதியில் அது வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

இந்த 7 நாள் இடைவெளிதான் முழு அட்டையிலும் பலவீனமான இடம். அந்த நாள்களில் சினைப்பை மெல்ல விழிக்கத் தொடங்குகிறது. 8-ஆம் நாள் புது அட்டையை ஆரம்பித்தால் மறுபடி தூங்கிவிடும். புது அட்டை வாங்க மறந்து இரண்டு, மூன்று நாள் தள்ளிப்போனால் முழுக்க விழித்துவிடும். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரையை விட்டுவிட்டுப் பதறுகிறவர்கள், புது அட்டையை இரண்டு நாள் தாமதமாக ஆரம்பிப்பதை அலட்டிக்கொள்வதே இல்லை. உண்மையில் ஆபத்து இரண்டாவதில்தான். பழைய அட்டையில் 7 மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.

மருந்துள்ள மாத்திரை ஒன்றுதான் தவறியதென்றால், நினைவு வந்தவுடன் போடுங்கள். அன்றைய மாத்திரையையும் சேர்த்து ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. வேறொன்றும் தேவையில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறியிருந்தால், கடைசியாகத் தவறவிட்டதை மட்டும் போட்டுவிட்டு, முந்தியதை அட்டையிலேயே விட்டுவிட்டு, வழக்கம்போலத் தொடருங்கள். 7 நாள் ஆணுறை வேண்டும். அது மூன்றாம் வாரத்தில் நடந்திருந்தால், மருந்தில்லாத மாத்திரைகளைத் தாண்டி நேராகப் புது அட்டைக்குப் போங்கள். முதல் வாரத்தில் நடந்து, அதற்கு முந்திய 5 நாளில் உறவும் இருந்திருந்தால், அவசர மாத்திரை பற்றி யோசியுங்கள்.

அவசர மாத்திரை இரண்டு வகை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம், 120 மணி நேரம் வரை. இரண்டும் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகின்றன. ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தைக் கலைக்காது. உடல் எடை அதிகமானவர்களுக்குப் பலன் குறையும். யூலிப்ரிஸ்டல் போட்டவர்கள் 5 நாள் கழித்தே ஹார்மோன் மாத்திரையைத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். எல்லாவற்றிலும் பலமான அவசர வழி மாத்திரையே இல்லை: 5 நாளுக்குள் வைக்கும் காப்பர் டி.

ஆண்களுக்கு என்ன இருக்கிறது?

இன்று போய் வாங்கக்கூடிய ஹார்மோன் முறை எதுவும் ஆண்களுக்கு இல்லை. அதற்கான வழி தெரியாமல் இல்லை. ஆணின் உடம்பிலும் அதே பிட்யூட்டரிதான் கட்டளை போடுகிறது. வெளியிலிருந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் புரோஜெஸ்டோஜனும் கொடுத்தால் அது விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். அது விழுந்துவிட, ரத்தத்தில் உள்ளது ஆண்மையையும் ஆசையையும் பார்த்துக்கொள்ளும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆவதால், பலன் தெரியவும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஒரு மில்லிலிட்டரில் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் போதும் என்பது ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

1990-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வெளிவந்தது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு, விந்தணு பூஜ்யமான ஆண்களின் துணைகளில் வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே கர்ப்பம் உண்டானது. 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 320 ஆண்களுக்கு 8 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஊசி. கருத்தடையாக நன்றாகவே வேலை செய்தது. மனநிலை மாற்றம் முதலான பக்கவிளைவுகளால் 2011-லேயே நிறுத்தப்பட்டது. "பெண்கள் தாங்குவதை ஆண்களால் தாங்க முடியவில்லை" என்று அப்போது கேலி பறந்தது. நிறுத்தச் சொன்னது பாதுகாப்பைக் கண்காணித்த குழு. பங்கேற்ற ஆண்களில் முக்கால்வாசிக்கும் மேல், கிடைத்தால் பயன்படுத்துவோம் என்றே சொன்னார்கள்.

இப்போது முன்னணியில் இருப்பது ஒரு ஜெல். செஜெஸ்டரோன் அசிடேட் என்ற புரோஜெஸ்டோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் கலந்தது. தினமும் தோள்களில் பூசிக் காயவிட வேண்டும். 2018-ல் தம்பதிகளிடம் சோதனை தொடங்கியது. 2024-ல் வெளியிட்ட தகவல்படி 15 வாரத்துக்குள் 86 சதவீத ஆண்களிடம் விந்தணு போதிய அளவு குறைந்தது. காயாத ஜெல் துணையின் தோலிலோ குழந்தையின் தோலிலோ ஒட்டினால் டெஸ்டோஸ்டிரோன் அவர்கள் உடம்புக்கும் போகும் என்பதால், பூசியதும் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைக் கருத்தடை என்று நம்பாதீர்கள். அது விந்தணுவைக் குறைக்கும், ஆனால் எவ்வளவு என்று பரிசோதிக்காமல் தெரியாது. குழந்தை வேண்டும் என்கிறபோது திரும்பி வரவும் மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அதுவரை ஆண்கள் கையில் இருப்பவை இரண்டு. ஆணுறை: நடைமுறையில் வருடத்துக்கு 100-க்கு 13 தோல்வி, ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் 2. வாசக்டமி என்ற ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை: இனி குழந்தை வேண்டாம் என்று முடிவானவர்களுக்கு, செய்து 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் பூஜ்யம் என்று வரும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும்.

ஜெல் வந்தாலும் அது 365 வரிசையில்தான் சேரும். மறந்தால் கர்ப்பமாகப்போவது மறந்தவர் அல்ல என்பது அதில் கூடுதல் சிக்கல். நீண்ட நாள் சேர்ந்து வாழ்கிற ஜோடிக்கு அது பெரிய தடையாகத் தெரியவில்லை எனக்கு. மனைவியின் மாத்திரை அட்டையில் இன்றைய கட்டம் காலியாகிவிட்டதா என்று பார்க்கிற கணவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு எந்த ஜெல்லும் வர வேண்டியதில்லை, இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம்.